கார் வந்துவிட்டது, டெலிவரி வரவில்லை: புதிய ஸ்போர்ட்ஸ் கார்கள் வெளிநாட்டுக்கு ‘முன்கூட்டியே’ வருவது பற்றிய விளக்கம்

புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அறிமுகமாகிறது. சொந்த நாட்டில் இந்த ஆண்டு இறுதியில், மற்ற நாடுகளில் அடுத்த ஆண்டு நடுவில் என்று நிறுவனம் தேதி சொல்கிறது. இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, எங்கோ ஒரு துறைமுகத்தில் வெள்ளை உறை போர்த்திய நாலைந்து கார்கள் நிற்கும் படம் சுற்ற ஆரம்பிக்கும். "டீலர் ஒருவர் சொன்னார்" என்ற வரி அதோடு ஒட்டிக்கொள்ளும். முன்பணம் கட்டியவர்கள் தங்கள் கார் கப்பல் ஏறிவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள்.

இப்படிப்பட்ட பேச்சுகள் பெரும்பாலும் முழுப் பொய் அல்ல. படத்தில் இருக்கும் கார் உண்மையிலேயே வெளிநாட்டில்தான் நிற்கிறது. கார் வந்து சேர்வதும் வாங்கியவர் கையில் சாவி கிடைப்பதும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வதில்தான் பிசகு நேர்கிறது. இரண்டுக்கும் நடுவே சட்ட ஒப்புதல், தயாரிப்பு வரிசை, கப்பல் என்று மூன்று கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன. மூன்றில் எது மெதுவாக ஓடுகிறதோ அதுதான் டெலிவரி தேதி.

## படத்தில் நிற்பது எந்தக் கார்?

ஒரு மாடல் விற்பனைக்கு வருவதற்குள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நான்கு வகைக் கார்கள் உலவத் தொடங்கிவிடும்.

1. சோதனைக் கார்கள். ஏறக்குறைய கையாலேயே கோத்தவை. கடும் வெயில், உறைபனி, உயரமான மலைச்சாலை ஆகியவற்றைத் தேடி நாடு நாடாகப் போகும். இவை விற்பனைக்கு உரியவை அல்ல. வேலை முடிந்ததும் பெரும்பாலும் நசுக்கிவிடுவார்கள்.

2. முன்தயாரிப்புக் கார்கள். நிஜமான தொழிற்சாலை வரிசையில், நிஜமான அச்சுகளைக் கொண்டு செய்யப்படுபவை. ஆனால் நோக்கம் ஆட்களையும் இயந்திரங்களையும் பழக்குவது. கண்காட்சியில் சுழல்மேடையில் நிற்பதும், பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

3. முறையான தயாரிப்பு தொடங்கியபின் வரும் முதல் தொகுதி. டீலர்களின் டெமோ கார்கள், மெக்கானிக் பயிற்சிக்கான கார்கள் இதில் அடங்கும்.

4. வாங்குபவரின் பெயரில் ஒதுக்கப்பட்ட கார்கள்.

டெலிவரி என்ற சொல் நான்காவதற்கு மட்டுமே பொருந்தும். துறைமுகப் படங்களில் அதிகம் தென்படுவதோ இரண்டாவதும் மூன்றாவதும். கண்காட்சிக்கு வரும் காரை ‘ஏடிஏ கார்னே’ என்ற சுங்க ஆவணத்தின் கீழ் வரி கட்டாமலே ஒரு நாட்டுக்குள் கொண்டுவரலாம். அதிகபட்சம் ஓராண்டு இருக்கலாம், பிறகு திருப்பி அனுப்பியாக வேண்டும். விருந்தாளியாக வந்த காரை அங்கே பதிவு செய்து விற்க முடியாது.

இன்னொரு குழப்பம் ‘முதல் கார்’ ஏலங்களால் வருவது. டொயோட்டாவின் புதிய சுப்ராவின் முதல் தயாரிப்புக் கார் 2019 ஜனவரியில் 21 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செவ்ரோலே கார்வெட் சி8 வரிசையின் முதல் கார் 2020 ஜனவரியில் 30 லட்சம் டாலருக்குப் போனது. செய்தியைப் படித்தவர்களுக்குக் கார் விற்பனைக்கு வந்துவிட்டதாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் சி8-இன் முறையான தயாரிப்பு தொடங்கியது அந்த ஏலத்துக்கு இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 3-ஆம் தேதி. சுத்தியல் விழுந்தபோது விற்றது வரிசையில் ஓர் இடம்தான்.

## முதல் கடிகாரம்: வகை ஒப்புதல்

ஒரு மாடல் ஒரு நாட்டின் சாலைவிதிகளுக்கும் மாசு விதிகளுக்கும் பொருந்துகிறது என்று அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொள்வதுதான் வகை ஒப்புதல். ஒவ்வொரு காரையும் தனித்தனியே சோதிப்பதில்லை. அந்த ‘வகை’யைச் சோதித்து ஒப்புதல் கொடுத்தால், அதே மாதிரி செய்யப்படும் எல்லாக் கார்களுக்கும் அது செல்லும்.

உலகம் இதில் இரண்டு முகாம்களாகப் பிரிந்திருக்கிறது. ஐ.நா.வின் 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் பொதுவான தொழில்நுட்ப விதிகளை வைத்திருக்கின்றன. ஒரு நாடு ஒரு பாகத்துக்குக் கொடுத்த ஒப்புதலை, அந்த விதியைப் பின்பற்றும் மற்ற நாடுகளும் ஏற்கும். ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், ஆஸ்திரேலியா எல்லாம் இந்தப் பக்கம். அமெரிக்கா அதில் இல்லை. அங்கே பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்துகிறது என்று தயாரிப்பாளரே சான்றளிக்கிறார். தவறினால் பின்னால் பிடிபடுவார். ஆனால் புகை விஷயத்தில் இந்தத் தாராளம் கிடையாது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்றிதழ் கையில் இல்லாமல் ஒரு காரைக்கூட விற்பனைக்கு விட முடியாது.

காகிதத்தில் இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம். காரின் பின்பக்கத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். அமெரிக்காவில் பின் இண்டிகேட்டர் சிவப்பாகவே மின்னலாம். ஐ.நா. விதிகளின்படி அது ஆரஞ்சு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும். பின்பக்க மூடுபனி விளக்கு ஐரோப்பாவில் கட்டாயம், அமெரிக்காவில் இல்லை. பக்கவாட்டு அடையாள விளக்குகள் அமெரிக்காவில் கட்டாயம். ஆக, ஒரே காருக்கு வேறு விளக்குத் தொகுதி, வேறு வயரிங், வேறு மென்பொருள் வேண்டும். ஐரோப்பிய மாசு விதிக்காகப் பெட்ரோல் எஞ்சினின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி சேர்த்தால் எஞ்சின் சத்தமும் மாறும். ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை!

ஒப்புதல் ஒரு முறை கிடைத்தால் நிரந்தரம் என்றும் நினைக்கக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதுப் பாதுகாப்பு விதிகள் 2022 ஜூலையில் புதிதாக ஒப்புதல் கேட்ட மாடல்களுக்கும், 2024 ஜூலையில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. டொயோட்டா ஜிஆர்86 ஐரோப்பாவில் இரண்டே ஆண்டுகள்தான் விற்கப்பட்டது. அந்தக் கெடுதான் காரணம். வாகன இணையப் பாதுகாப்பு விதியால் போர்ஷே 718-இன் வழக்கமான வகைகளும் அதே 2024-இல் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையை விட்டு விலகின. மற்ற நாடுகளில் அவை தொடர்ந்து விற்பனையில் இருந்தன. நல்ல கார், வாங்க ஆள் இருக்கிறார்கள், தொழிற்சாலையும் ஓடுகிறது. ஆனாலும் ஒரு எல்லைக்கு அப்பால் விற்க முடியவில்லை.

## ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?

தயாரிப்பு வரிசை என்ற இரண்டாவது கடிகாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத முள் இது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் சக்கரத்தை இந்தப் பக்கம் நகர்த்துவதுபோல் தெரியும். நிஜத்தில் ஸ்டீயரிங் ராக், பெடல்கள், பிரேக் பூஸ்டர், எஞ்சின் அறைத் தடுப்புச் சுவரில் துளைகள், டாஷ்போர்டு, வயரிங், வைப்பர் துடைக்கும் திசை, ஹெட்லைட் ஒளி சாயும் பக்கம் என்று எல்லாமே மாறும். தாழ்வான, நெருக்கமான ஸ்போர்ட்ஸ் காரில் எதிர்ப்பக்கத்தில் ஏற்கெனவே வேறொரு பாகம் உட்கார்ந்திருக்கும். அதை எங்கே நகர்த்துவது என்பதே தனி வேலை.

கார்வெட்டின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1953 முதல் வரும் அந்தக் காரில், தொழிற்சாலையிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு முதன்முதலில் செய்யப்பட்டது எட்டாம் தலைமுறையான சி8தான். 2019 ஜூலை 18-ஆம் தேதி அறிமுகம் ஆனபோதே வலப்பக்க வகை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். உடனே ‘எப்போது’ என்ற ஊகங்கள் கிளம்பின. அப்புறம் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள்:

1. 2019 செப்டம்பர் 16 முதல், கார்வெட்டைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸில் 40 நாள் வேலைநிறுத்தம். ஆண்டு இறுதியில் தொடங்க வேண்டிய தயாரிப்பு 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

2. அதே பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவில் அந்தக் காரை விற்க வேண்டிய ஹோல்டன் பிராண்டையே மூடப்போவதாக அறிவிப்பு. விற்பனைக்கு ஜிஎம்எஸ்வி என்ற புது ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

3. மார்ச்சில் கொரோனாவால் கென்டக்கி மாநிலம் பவுலிங் கிரீனில் உள்ள தொழிற்சாலை நின்றது. மே இறுதியில்தான் மறுபடி ஓடியது.

4. வலப்பக்கக் கார்கள் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் வாங்கியவர்கள் கைக்குப் போனது 2021-இல்.

உள்நாட்டில் தேவை பொங்கும்போது, அந்தக் காருக்கு ஒரு தொழிற்சாலை மட்டுமே வைத்திருக்கும் நிறுவனம் வலப்பக்க வரிசையை முன்னால் தள்ள எந்தக் காரணமும் இல்லை. எனவே வலப்பக்க நாடு ஒன்றில் ‘சீக்கிரமே வந்துவிட்ட’ காரின் படம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் இருக்கும் பக்கம். இடப்பக்கம் இருந்தால், அது வாங்குபவருக்கான கார் இல்லை என்று பெரும்பாலும் அங்கேயே முடிவு கட்டிவிடலாம்.

## வேறு வாசல் வழியாக வரும் கார்கள்

நிசான் ஜிடி-ஆர் ஆர்35, 2007 டிசம்பர் 6 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவுக்கு 2008 ஜூலை. ஐரோப்பாவுக்கு 2009 மார்ச். உலகமே காத்திருந்த காருக்கு 15 மாத இடைவெளி என்றால் யாராவது அதில் புகுந்துவிடத்தானே செய்வார்கள்? ஜப்பானில் வாங்கிய கார்களைத் தனியார் வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள். தயாரிப்பாளரின் விற்பனை வலையைத் தாண்டி நடக்கும் இந்த வழிக்குச் சாம்பல் இறக்குமதி என்று பெயர். கள்ளக்கடத்தல் அல்ல, ஆனால் நிறுவனத்தின் ஆசீர்வாதமும் இல்லை.

அந்தக் கார்களில் ஒரு வேடிக்கை இருந்தது. ஜப்பானிய வகையின் வேகம் மணிக்கு 180 கி.மீ.யில் கட்டப்பட்டிருந்தது. நேவிகேஷன் திரை, கார் ஒரு பந்தயத்தடத்தில் நிற்பதாக ஜிபிஎஸ் மூலம் உணர்ந்தால் மட்டுமே பூட்டைத் திறக்க விடும். அதற்குத் தெரிந்த தடங்களோ ஜப்பானில் இருந்தவை. முதலில் வாங்கிய பெருமை உண்டு, ஆனால் நிறுவனத்தின் வாரண்டியோ உள்ளூர் மொழியில் திரையோ கிடையாது.

அமெரிக்காவில் இந்த வாசல் இன்னும் குறுகல். பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாத கார் 25 ஆண்டு பழையதாகும் வரை சாதாரணமாக உள்ளே நுழைய முடியாது. அரிதான கார்களுக்கு மட்டும் ‘காட்சிக்கு’ என்று ஒரு விதிவிலக்கு உண்டு, அதிலும் ஆண்டுக்கு 2,500 மைல் வரைதான் சாலையில் ஓட்டலாம். ஆகவே ஒரு நாட்டில் ஓடுகிற காரைப் பார்த்து, அங்கே விற்பனை தொடங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை.

‘வெளிநாடு’ என்ற சொல்லே சில சமயம் ஏமாற்றும். டொயோட்டா சுப்ரா பெயருக்கு ஜப்பானியக் கார். அது செய்யப்பட்டதோ ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில். டோக்கியோவில் வாங்கியவருக்கும் அது கப்பலில் வந்த கார்தான்.

## மூன்றாவது கடிகாரம்: கப்பல்

ஓட்டியே ஏற்றி, ஓட்டியே இறக்கும் ரோ-ரோ கப்பல்களில் கார்கள் போகின்றன. ஒரு பெரிய கப்பல் ஆயிரக்கணக்கான கார்களைக் கொள்ளும். கப்பல்களின் இருப்பிடம் பொதுவில் தெரிவதால், முன்பதிவு செய்தவர்கள் நடுக்கடலில் நகரும் புள்ளியைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது இப்போது சகஜம். புள்ளி உண்மைதான். அதற்குள் எந்தக் கார் இருக்கிறது என்பதைப் புள்ளி சொல்லாது.

கப்பலால் தேதி முன்னால் வருவது அபூர்வம், பின்னால் போவதுதான் வழக்கம். 2018 பிப்ரவரியில் ஜப்பானிலிருந்து வந்த கார் கப்பல்கள் சிலவற்றை நியூசிலாந்து திருப்பி அனுப்பியது. உள்ளே நாற்றப்பூச்சிகள் இருந்தன என்பதுதான் காரணம். பழத்தோட்டங்களை நாசமாக்கும் அந்தப் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இறக்குமதிகளைக் கூடுதலாகச் சோதிக்கிறது. 2023 நவம்பரில் செங்கடலில் பிடிக்கப்பட்ட கேலக்ஸி லீடர் ஒரு கார் கப்பல்தான். அதற்குப்பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின.

கரை சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2024 தொடக்கத்தில் போர்ஷே, பென்ட்லி, ஆடி கார்கள் ஆயிரக்கணக்கில் அமெரிக்கத் துறைமுகங்களில் முடங்கின. உள்ளே இருந்த சிறிய மின்னணுப் பாகம் ஒன்று, கட்டாய உழைப்புக்கு எதிரான அமெரிக்கச் சட்டத்துக்குப் புறம்பான இடத்திலிருந்து வந்திருந்தது. அந்தப் பாகத்தை மாற்றிய பிறகுதான் கார்கள் துறைமுகத்தை விட்டு நகர முடிந்தது. அந்த வாரங்களில் யாராவது படம் எடுத்திருந்தால், டீலருக்குப் போகத் தயாராக நிற்கும் கார்களாகவே தெரிந்திருக்கும்.

2019 மார்ச்சில் பிஸ்கே விரிகுடாவில் தீப்பிடித்து மூழ்கிய ‘கிராண்டே அமெரிக்கா’ என்ற கப்பலில் பிரேசிலுக்குப் போகவேண்டிய நான்கு போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கார்கள் இருந்தன. அந்த மாடலின் தயாரிப்பு அதற்கு முந்தைய மாதமே நின்றிருந்தது. வாங்கியவர்களுக்காக அதை மறுபடி தொடங்குவதாக போர்ஷே தெரிவித்தது. எல்லா மாடலுக்கும் இப்படி ஒரு கதவு திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

## நிஜமாகவே முன்கூட்டி வருவது எப்போது?

அரிது என்றாலும் நடக்கும். பெரும்பாலும் காரணம் வாங்குபவரின் ஆர்வம் அல்ல, அரசாங்கத்தின் நாள்காட்டி.

வரி உயர்வு முதல் காரணம். இறக்குமதிக் கார்களுக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரியை 2025 ஏப்ரல் 3 முதல் அமல்படுத்தியது. அத்தகைய தேதி தெரிந்துவிட்டால், அதற்கு முன்னால் முடிந்தவரை கார்களைக் கரை சேர்க்கப் பார்ப்பது இயல்பு. தேதி தாண்டியதும் எதிர்த் திசையிலும் நடந்தது: ஜாகுவார் லேண்ட் ரோவர் அந்த ஏப்ரலில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே சில வாரம் நிறுத்திவைத்தது.

விதி மாறும் கெடு இரண்டாவது. 2024 ஜூலைபோல் ஒரு தேதி நெருங்கும்போது, பழைய விதிக்குள் பதிவு செய்துவிட வேண்டும் என்று கார்களை அவசரமாக அனுப்புவார்கள். மூன்றாவது, ஒரு நாட்டில் ஆர்டர்கள் ரத்தானால் அந்த ஒதுக்கீடு பக்கத்து நாட்டுக்குப் போவது. ஒரே விதி, ஒரே பக்க ஸ்டீயரிங் உள்ள நாடுகளுக்கு இடையில்தான் இது எளிது.

இந்தக் காரணங்களில் ஒன்றையும் சுட்டாமல் "சீக்கிரம் வருகிறது" என்று மட்டும் சொல்லும் செய்தியைச் சந்தேகத்தோடு படிப்பதே சரி. வரிசையில் தன் இடத்தைக் கூடுதல் விலைக்கு விற்க நினைப்பவருக்கும், முன்பணம் வாங்க நினைக்கும் டீலருக்கும் அந்தப் பேச்சு லாபம்.

## எதைப் பார்த்து முடிவு செய்வது?

1. நம்பர் பிளேட். ஜெர்மனியில் 06 என்று தொடங்கும் சிவப்பு எழுத்துப் பலகை, நிறுவனமோ டீலரோ சோதனைக்கும் இடம் மாற்றவும் பயன்படுத்துவது. ஜப்பானில் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை தற்காலிக அனுமதி. இரண்டுமே வாங்குபவரின் பதிவு அல்ல.

2. வாகன அடையாள எண். 17 எழுத்து, எண்கள் கொண்டது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பாமல் இருக்க ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. அமெரிக்கக் கார்களில் பத்தாவது இடம் மாடல் ஆண்டைக் குறிக்கும். அங்கே ஒரு மாடல் ஆண்டின் தயாரிப்பை முந்தைய ஆண்டு ஜனவரி 2 முதலே தொடங்கலாம் என்பதால், ‘அடுத்த ஆண்டு மாடல் இப்போதே வந்துவிட்டது’ என்பதில் அதிசயம் எதுவும் இல்லை.

3. அரசு ஆவணங்கள். ஆஸ்திரேலியாவின் வகை ஒப்புதல்களும் கலிபோர்னியாவின் புகைச் சான்றுகளும் பொதுவில் வெளியாகின்றன. டீலர் சொல்லைவிட இவை பல மடங்கு நம்பகமானவை. ஒப்புதல் வந்தால் விற்கலாம் என்று மட்டுமே பொருள். கார் தயாராகிவிட்டது என்று பொருள் இல்லை.

4. காரின் நிலை. உறை, கண்ணாடியில் பார்கோடு ஒட்டுத்தாள், கப்பலில் கட்டும்போது ஆடாமலிருக்க சுருள்வில்லுக்குள் செருகிய தடுப்புக் கட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தால், டெலிவரிக்கு முந்தைய பரிசோதனைகூட நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

5. பதிவுக் கணக்கு. ஜெர்மனியின் மத்திய வாகன முகமைபோல் சில அமைப்புகள் மாதந்தோறும் எந்த மாடல் எத்தனை பதிவானது என்று வெளியிடுகின்றன. அதில் ஒரு புதிய மாடலின் பெயர் வந்துவிட்டால் ஊகத்துக்கு வேலை குறைந்துவிடும். என்றாலும் முதல் மாதத்து எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் டீலர்கள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளும் டெமோ கார்களும் அதில் சேர்ந்தே எண்ணப்படுகின்றன.